கசிந்த விலைச்சீட்டு

மெத்தைக் கடையில் அவருக்கு நிபுணர் என்று பெயர். வைத்தவர் மேனேஜர், வைத்தது கிண்டலுக்கு. தலையணை வாங்க வந்த ஓர் அம்மாளிடம், "இப்ப வாங்காதீங்க, அடுத்த மாசம் விலை இறங்கும்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவைத்த அன்று, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி மேனேஜர், "வாங்க நிபுணரே" என்றார். கிண்டல் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் காதில் விழுந்த சொல் இனிப்பாகத்தான் இருந்தது. அன்று மாலையே தன் வீடியோ சேனலுக்கு 'நிபுணர் நேரம்' என்று பெயர் மாற்றினார்.

அந்தச் சேனலின் வேலை ஒன்றே ஒன்று. இன்னும் வெளிவராத வீடியோ கேம் கன்சோலுக்கு என்ன விலை வைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வது. விளையாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. நிபுணர் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தே வருடக்கணக்காகிவிட்டது. கடைசியாக ஓட்டிய பந்தயக் காரைச் சுவரில் முட்டவிட்டு, அது எத்தனை விலைக்கு வந்த விளையாட்டு, இப்போது எத்தனைக்குக் கிடைக்கிறது என்று பார்ப்பதற்காகப் போனை எடுத்தவர்தான். கார் இன்னும் சுவரில் முட்டியபடியே நிற்கிறது.

இதுவரை மூன்று கன்சோல்களுக்கு விலை சொல்லியிருந்தார். மூன்றும் தப்பு. ஒவ்வொரு முறையும், நிறுவனம் எந்த இடத்தில் தவறு செய்தது என்று விளக்கி ஒரு வீடியோ போட்டார். அவருடைய வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தவை அந்த மூன்றும்தான்.

வீட்டில் உண்மையாகவே விளையாடுகிறவள் அவருடைய மனைவி. பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை. நாள் முழுக்க அவளைப் பார்த்ததும் முகம் சுளிக்கிற, கண்ணை மூடிக்கொள்கிற, "மெதுவாம்மா" என்று கெஞ்சுகிற மனிதர்கள். மாலை வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, தரையில் திண்டைப் போட்டுச் சாய்ந்து, பழைய கன்சோலில் ஒரு பண்ணை விளையாட்டைத் திறப்பாள். மூன்று வருடமாக வளர்த்த பண்ணை அது. ஒரு குளம், வாத்துகள், பூசணித் தோட்டம், எப்போதும் வேலிக்கு வெளியே போய் நிற்கிற ஒரு கன்றுக்குட்டி.

"இங்க ஒருத்தரும் என்னப் பார்த்து கையப் பின்னால ஒளிச்சுக்கறதில்ல" என்பாள்.

நிபுணர் அப்போது பக்கத்து அறையில், குளிர்பதனப் பெட்டியைப் பின்னணியாக வைத்து, அடுத்த கன்சோலின் விலையை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

இந்த முறை ஆராய்ச்சி பலமாக இருந்தது. சிப்பு விலை, கப்பல் கூலி, போட்டி நிறுவனம் போன தடவை வைத்த விலை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பெட்டியை நட்டத்துக்கு விற்று, அதில் போட்டு ஆடுகிற விளையாட்டுகளில் பணத்தைப் பிடித்துவிடுவார்கள் என்ற தன் பழைய கொள்கையையும் மேலே தூவினார். விடை, முந்நூற்றெண்பது டாலருக்கும் ஐந்நூற்று இருபது டாலருக்கும் நடுவில் எங்கேயோ வந்து நின்றது. அவ்வளவு அகலமான விடையை வைத்துக்கொண்டு வீடியோ போட முடியாது. கேட்கிறவர்கள் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்பார்கள்.

வீடியோவில் காட்ட ஒரு படம் வேண்டும் என்று தோன்றியது. கடை அலமாரியில் ஒட்டுகிற விலைச்சீட்டு மாதிரி ஒன்றை, 'நாளைக்கு இப்படித்தான் இருக்கும்' என்று கையில் பிடித்துக் காட்டினால் எடுபடும். மெத்தைக் கடையில் விலைச்சீட்டு அச்சடிக்கிற இயந்திரம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மதியம் கூட்டமில்லாத நேரத்தில், கடைசியாக அச்சடித்த சீட்டைத் திரையில் திறந்தார். இரட்டைக் கட்டில் மெத்தை. அந்தப் பெயரை அழித்துவிட்டு, வரப்போகும் கன்சோலின் பெயரைத் தட்டினார். கீழே முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று மெத்தையின் விலை அப்படியே நின்றது. அதையும் மாற்றத்தான் கையைக் கொண்டுபோனார். ஆனால் பார்க்கப் பார்க்க அந்த எண் லட்சணமாக இருந்தது. அவருடைய கணக்குக்கு உள்ளேயும் அடங்கியது. 'இதுதான்' என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. பார்கோடு என்கிற கோடுகளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதைத் தொடவில்லை. அடியில் இருந்த கடையின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படம் பிடித்தார்.

வீடியோவை வழக்கமாகப் பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். "போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க" என்று ஒருவர் எழுதினார். அதோடு அது அடங்கியது.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டே போனைப் பார்த்தவர், வாயில் நுரையோடு கூடத்துக்கு ஓடிவந்தார்.

"வந்திருச்சு. கசிஞ்சிருச்சு."

"குழாயா?" என்றாள் மனைவி.

"விலை. உள்ள இருந்து கசிஞ்சிருக்கு. எங்கயோ ஒரு கிடங்குல திருட்டுத்தனமா படம் எடுத்து வெளிய விட்டிருக்கான். பாரு."

போனில் இருந்தது ஒரு விலைச்சீட்டின் படம். யாரோ அதை ஓரங்களில் நறுக்கி, இருட்டாக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து, உயிரைப் பணயம் வைத்து எடுத்த மாதிரி ஆக்கியிருந்தார்கள். பெரிய பெரிய விளையாட்டுத் தளங்கள் எல்லாம் அதைப் போட்டிருந்தன. ஒரு தளம், பார்கோட்டின் முதல் எண்களை வைத்துப் பார்த்தால் இது நிறுவனத்தின் முக்கியமான கிடங்கிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இன்னொன்று, 'எங்களுக்கு நெருக்கமான வட்டாரங்களும் இதை உறுதிசெய்கின்றன' என்றது. நெருக்கமான வட்டாரம் என்பது முதல் தளம். முதல் தளத்துக்கு நெருக்கமான வட்டாரம் இரண்டாவது தளம்.

விலை, முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

தான் பெற்ற பிள்ளை மீசை ஒட்டிக்கொண்டு வந்து நின்றால் யாரோ பெரிய மனிதர் என்று நாற்காலி போடுகிற தகப்பனைப்போல, நிபுணர் அந்தப் படத்தின் முன்னால் உருகி நின்றார்.

"நான் மூளையப் போட்டுக் கண்டுபிடிச்ச விலையும், உள்ள இருந்து கசிஞ்ச விலையும் அச்சு அசல் ஒண்ணு. ஒரு எண்கூட மாறல. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

மனைவி போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். விலையைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"இந்தக் கட்டைவிரல எங்கயோ பார்த்த மாதிரி இருக்குங்க."

நிபுணர் பெருந்தன்மையோடு சிரித்தார். "கிடங்குல மூட்டை தூக்கற ஆளோட விரல். நகம் எப்படி நசுங்கியிருக்கு பாரு. பாவம், வேலை போனாலும் பரவால்லன்னு எடுத்திருக்கான். இந்த மாதிரி ஆளுங்களாலதான் உலகத்துக்கு உண்மை தெரியுது."

அவருடைய வலது கட்டைவிரலில், போன வருடம் கட்டில்கால் விழுந்து நசுங்கிய நகம், இன்னும் கோணலாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கையில் அப்போது பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

மனைவி அவரையும் பார்த்தாள், படத்தையும் பார்த்தாள். "உண்மைதான்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக்கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று மாலை நிபுணர் தன் வாழ்க்கையின் முதல் வியாபார முடிவை எடுத்தார். அதுவரை விலை சொன்னதோடு சரி. சொன்ன விலையை நம்பி ஒரு பொருளை வாங்கியதோ விற்றதோ கிடையாது.

"பழைய கன்சோல வித்துருவோம்" என்றார். "புதுசோட விலைய அறிவிச்ச மறுநாள் பழசு குப்பை விலைக்கு வந்துரும். இன்னிக்கு வித்தா நல்ல விலை. மேல கொஞ்சமே கொஞ்சம் போட்டா புதுசு."

"என் பண்ணை?"

"பண்ணை எங்க போகுது? புதுசு வந்ததும் ரெண்டையும் பக்கத்துல வெச்சா, பழசுல இருக்கறது புதுசுக்கு இடம் மாறிரும். வாங்கறவர்கிட்ட அதுவரைக்கும் அழிக்காதீங்கன்னு சொல்லிருவோம்."

"அதுவரைக்கும் மாட்டுக்கு யார் தீனி போடறது?"

"அது கேம்மா."

"தெரியும். யார் போடறது?"

 பண்ணைக்கு ஒரு பிரதி எடுத்து நிறுவனத்திடமே வைத்துக்கொள்கிற வசதி ஒன்று உண்டு. அதற்கு மாதச் சந்தா. அதைக் கட்ட வேண்டாம் என்று தடுத்தவரும் நிபுணர்தான். சந்தா இறங்கும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தார். அது இரண்டு முறை ஏறியிருந்தது. ஆகவே பண்ணை என்பது அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது. பெட்டியை வாங்குகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் குளம், வாத்து, கன்றுக்குட்டி எல்லாம் போச்சு.

மனைவி கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். பிறகு, "விக்கறதுன்னா அக்கா வீட்டுக்காரருக்கு விப்போம்" என்றாள். "அவர் ரொம்ப நாளா ஒண்ணு வாங்கணும்னு சொல்லிட்டிருக்கார்."

அக்கா வீட்டுக்காரர் என்றால் நிபுணருக்குச் சகலை. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை எண்ணிச் செலவழிக்கிற மனிதர். ஒரு பொருள் வேண்டுமென்றால் போய் வாங்கிவிடுவார், வேண்டாமென்றால் அந்தப் பக்கமே போகமாட்டார். இப்படி ஒருவர் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று நிபுணருக்கு நெடுநாள் ஆச்சரியம்.

சகலை வந்தார். கன்சோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் காற்று போகிற துளைகளில் ஊதினார். நிபுணர், பேரம் பேச வசதியாகத் தன் மனதில் இருந்த விலையைவிட நன்றாகவே உயர்த்திச் சொன்னார்.

"சரி" என்றார் சகலை.

நிபுணருக்குச் சப்பென்றாகிவிட்டது. குறைக்கச் சொன்னால் மறுப்பதற்கு மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

"சகலை, உங்ககிட்ட மறைக்க விரும்பல. புதுசு முந்நூத்தித் தொண்ணூத்தொம்பதுக்கு வரப்போகுது. யோசிச்சுக்கங்க."

"வரட்டும்."

"அப்ப இதோட விலை பாதியாயிரும்."

"ஆகட்டும். எனக்கு இப்பதான் விளையாடணும்."

"இதுக்குள்ள அவளோட பண்ணை ஒண்ணு இருக்கு..."

"விலை அறிவிக்கற வரைக்கும் அழிக்கமாட்டேன். அதுக்கப்புறம் எனக்கு இடம் வேணும். கார் ஓட்டற கேம் பெருசு." இவ்வளவு பேசியதில் களைத்தவர்போலச் சகலை பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நிபுணர் கதவைச் சாத்திவிட்டு, "பாவம், மனுஷன் ஏமாந்துட்டார்" என்றார். மனைவி, கன்சோல் இருந்த இடத்தில் படிந்திருந்த சதுரமான தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நிபுணருக்குப் பொற்காலம். கசிந்த விலையை முதலில் சொன்னவர் என்று சேனலுக்குக் கூட்டம் வந்தது. எந்தக் கேள்விக்கும் அவர் நேராகப் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார். 'என்னால் இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்' என்பார். அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்; ஆனால் அப்படிச் சொல்லும்போது புருவத்தை ஒரு மாதிரி உயர்த்துவதற்குக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தார். மெத்தை பார்க்க வந்த தம்பதியிடம், "எண் ஒன்பதுல முடியறது சும்மா இல்ல, மனுஷ மனசு இருக்கே" என்று தொடங்கி, அவர்கள் உட்கார்ந்து பார்க்க வந்த மெத்தையிலேயே தூங்கிப்போகும்வரை பேசினார்.

மனைவியிடம் அவர் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, பண்ணையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மாலையில், "அக்காவப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்புவாள். வரும்போது முகம் தெளிந்திருக்கும். பழைய பொருளிலிருந்து வாடிக்கையாளரின் மனம் எத்தனை சீக்கிரம் விலகிவிடுகிறது என்பதற்கு என் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது என்று நிபுணர் ஒரு வீடியோவில் குறிப்பிட்டார்.

விலையை அறிவிக்கிற நாள் வந்தது. மாலையில் நிறுவனம் அறிவிக்கும், அன்றிரவே விற்பனையும் தொடங்கும். அதே நேரத்தில் நிபுணர் தன் சேனலில் நேரலையில் உட்கார்ந்திருப்பார். அதற்காகக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு துணியை விரித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தார்.

கடையில் மதியம் கூட்டமில்லை. மேனேஜர் கல்லாவில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன நிபுணரே, இன்னிக்குத்தான் தீர்ப்பு நாளா?"

"தீர்ப்பு எப்பவோ வந்தாச்சு சார். இன்னிக்கு வாசிக்கறாங்க, அவ்வளவுதான்."

"அந்தக் கசிஞ்ச படம் போலியா இருந்தா?"

நிபுணருக்குச் சுருக்கென்றது. போனில் படத்தைத் திறந்தார். "போலிக்கும் உண்மைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா சார்? இதுல பார்கோடு இருக்கு பாருங்க. போலி செய்யறவன் சும்மா கோடு கோடா இழுத்துருப்பான், மெஷின் படிக்காது. இது உண்மையான கோடு. படிக்கும்."

"நம்ம மெஷின் எப்படிப் படிக்கும்? நம்ம சரக்கத்தான படிக்கும்."

"பொருள் தெரியலன்னு காட்டும். ஆனா கோடு சரின்னு 'பீப்' அடிக்கும். அந்த பீப் போதும் எனக்கு."

கல்லாவில் இருந்த ஸ்கேனரை எடுத்துப் போனின் திரைமேல் பிடித்தார். ஒரு தடவை சாய்த்தார், இன்னொரு தடவை சாய்த்தார்.

பீப் அடித்தது.

"கேட்டீங்களா?" என்றார் நிபுணர்.

மேனேஜர் பில் திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக வாசித்தார்.

"இரட்டைக் கட்டில் மெத்தை. நடுத்தர உறுதி. முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது. ரெண்டு தலையணை இலவசம்."



"கன்சோலுக்கு ரெண்டு தலையணை இலவசமா நிபுணரே?"

நிபுணர் படத்தில் இருந்த கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு ஸ்கேனரைப் பிடித்திருந்த தன் கட்டைவிரலைப் பார்த்தார். கிடங்கில் மூட்டை தூக்கி, வேலையைப் பணயம் வைத்து, உலகத்துக்கு உண்மையைச் சொன்ன அந்த ஏழைத் தொழிலாளி, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு மெத்தைக் கடையில் குளுகுளுவென்று நின்றுகொண்டிருந்தார்.

பிற்பகல் முழுக்க அவர் ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். எண் மெத்தையிலிருந்து வந்ததுதான். அதனால் அது தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? மெத்தைக்கு அந்த விலை வைத்தவரும் மனிதர்தான், கன்சோலுக்கு வைக்கப்போகிறவரும் மனிதர்தான். இரண்டு மனிதர்களுக்கு ஒரே எண் தோன்றக்கூடாதா? தன்னுடைய மூன்று பழைய கணிப்புகளுக்கும் இதைவிடப் பலமான ஆதாரம் இருந்ததில்லை என்று நினைத்தபோதுதான் அந்த மூன்றும் தப்பாகப் போனது ஞாபகம் வந்தது. விலை ஏறினால் புதிய பெட்டி வாங்க முடியாது. புதிய பெட்டி இல்லையென்றால் பண்ணைக்குப் போக இடமில்லை. இன்றோடு சகலையின் வாக்கும் முடிகிறது. மூன்று வருடப் பண்ணையை ஒரு மெத்தை விலைக்குத் தோற்றுவிட்டு மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது?

மாலையில் வீட்டுக்குப் போனபோது அவள் இல்லை. அக்காவைப் பார்க்கப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். கேமராவின் முன் உட்கார்ந்தார். அவர் சேனல் கண்டிராத கூட்டம் காத்திருந்தது.

நிறுவனத்தின் தலைவர் மேடையில் வந்து, கன்சோலின் ஓரங்கள் எவ்வளவு வழவழப்பானவை என்று வெகுநேரம் சொன்னார். பிறகு திரையில் விலை வந்தது.

அறுநூற்று நாற்பத்தொன்பது.

அடுத்து ஒரு சின்ன அறிவிப்பு: மூலப்பொருள் விலை கூடியதால், பழைய கன்சோலின் விலையையும் நாளை முதல் உயர்த்துகிறார்கள்.

நிபுணர் அசையவில்லை. 'மைக் வேலை செய்யலண்ணா' என்று ஒருவர் எழுதினார். 'வீடியோவும் நின்னுபோச்சு' என்று இன்னொருவர் எழுதினார். வீடியோ நிற்கவில்லை, அவர்தான் நின்றுபோயிருந்தார்.

கடைசியில் வாயைத் திறந்தார். "அந்த விலைச்சீட்டு கசிஞ்சது இல்ல. நான் அடிச்சது. அதுல இருக்கறது என் கட்டைவிரல்." கேமராவின் முன் விரலை நீட்டினார். "அந்த விலை ஒரு மெத்தையோட விலை. எனக்கு ஒண்ணும் தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல."

பதில்கள் மளமளவென்று வந்தன. 'அண்ணன மிரட்டிட்டாங்க.' 'கம்பெனி விலை பேசிருச்சு.' 'விரல ஏன் காட்டறார், ஏதோ ஜாடை சொல்றார்.' 'மெத்தைன்னு சொன்னதக் கவனிங்க. ரெண்டு மாசத்துல முந்நூத்தித் தொண்ணூத்தொம்பதுக்கு இறங்கும்னு அர்த்தம்.' அந்தச் சேனலில் அவர் இதுவரை சொன்னதில் உண்மை இந்த ஒப்புதல் ஒன்றுதான். அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. நிபுணர் கேமராவை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. படி ஏறிக்கொண்டே, சகலையிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். விற்ற விலைக்கே கேட்பதா? மேலே கொஞ்சம் போட்டுக் கேட்பதா? நாளை முதல் பழசுக்கும் விலை ஏறுகிறது என்பது சகலைக்குத் தெரிந்திருக்குமா? கடைசி மாடி வந்தபோது கையில் ஒரு திட்டமும் இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

கதவைத் திறந்தது மனைவியின் அக்கா. "வாங்க வாங்க. இப்பதான் உங்களப் பார்த்துட்டிருந்தோம். போன்ல நீங்க, டிவில மாடு."

கூடத்தில் தரையில் திண்டைப் போட்டுச் சாய்ந்து மனைவி உட்கார்ந்திருந்தாள். கையில் கன்ட்ரோலர். டிவியில் குளம், வாத்து, நெருங்கக் காய்த்த பூசணி. வேலிக்கு வெளியே கன்றுக்குட்டி. சகலை நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த ஆட்டம் தனக்கு என்கிற முகத்தோடு காத்திருந்தார்.

"நீ இங்க..." என்றார் நிபுணர்.

"அக்காவப் பார்க்க வந்தேன்" என்றாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தினமுமா?"

"அக்கா தினமும் இங்கதான இருக்கா."

நிபுணர் செருப்பைக் கழற்ற மறந்து அங்கேயே நின்றார். "அந்தச் சீட்டு நான்தான் அடிச்சது."

"தெரியும்."

"இப்ப நான் நேரலையில சொன்னதக் கேட்டுத்தானா?"

"படத்தப் பார்த்த அன்னிக்கே. நாள் பூரா நான் விரலத்தான பார்க்கறேன். அந்த நகத்துக்குக் கட்டுப் போட்டதே நான்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கயோ பார்த்த மாதிரி இருக்குன்னு சொன்னேனே. நீங்க அந்த ஆளப் பத்தி அவ்வளவு உருக்கமாப் பேசினீங்க. நல்ல மனுஷன், விட்டுருவோம்னு விட்டுட்டேன்."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சகலை கூரையைப் பார்த்தார்.

நிபுணர் சகலையின் பக்கம் திரும்பினார். படிகளில் யோசித்த எதுவும் ஞாபகம் வரவில்லை. "சகலை, அத எனக்கே திருப்பிக் குடுத்துருங்க."

"என்ன விலைக்கு?" என்றார் சகலை. கேலி இல்லை, கேட்கிற பாணியே அவருக்கு அதுதான். "நீங்களே சொல்லுங்க. விலை உங்களுக்குத்தான தெரியும்."

நிபுணர் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஒருவர், கையில் பொருளை வைத்துக்கொண்டு, நிஜமாகவே விலை கேட்கிறார். ஒன்பதில் முடிகிற எண்கள் எல்லாம் அவர் தலைக்குள் வரிசையாக வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

"எனக்குத் தெரியல சகலை" என்றார்.

"வேண்டாம்" என்றாள் மனைவி. "இங்கயே இருக்கட்டும். மாமா ஒண்ணும் அழிக்கப்போறதில்ல. அவரோட கார் கேமுக்குத் தனியா ஒரு மெமரி கார்டு வாங்கிப் போட்டாச்சு."

"எப்ப?"

"வாங்கின மறுநாளே" என்றார் சகலை. "தேவைப்பட்டுச்சு. வாங்கினேன்."

"நம்ம வீட்டுல இருந்தா உனக்கு வசதியா இருக்கும்ல" என்றார் நிபுணர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மனைவி இப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். "வீட்டுல விளையாடினா பக்கத்து ரூம்ல இருந்து விலை காதுல விழுந்துட்டே இருக்குங்க. இங்க அமைதியா இருக்கு."

அதற்கு நிபுணரிடம் விளக்க வீடியோ இல்லை. இந்த ஒரு தடவை தவறு செய்தது நிறுவனம் இல்லை என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, அழைக்காமலேயே, திண்டின் மறுமுனையில் உட்கார்ந்தார். அவள் ஒதுங்கி இடம் கொடுத்தாள். அது அவருக்கா, முழங்காலை நீட்டுவதற்கா என்று தெரியவில்லை.

"இன்னொரு கன்ட்ரோலர் இருக்கா?"

சகலை எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தார். நிபுணர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். அக்கா அதை நேராக்கிக் கொடுத்தாள். பண்ணையின் ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன் தோன்றி, வேலியில் போய் முட்டி நின்றான்.

"நான் என்ன செய்யணும்?"

"தண்ணி ஊத்துங்க. அந்த வாளிய எடுத்து, பூசணிக்கு. ஒவ்வொண்ணா."

நிபுணர் ஊற்றினார். முதல் வாளி குளத்துக்குள்ளேயே போனது. இரண்டாவது ஒரு வாத்தின் மேல். மூன்றாவது பூசணிக்குப் போய்ச் சேர்ந்தது. பூசணி லேசாகக் குலுங்கியது. அவருக்கு இனம்தெரியாத சந்தோஷமாக இருந்தது. மேலும் இரண்டு வாளி ஊற்றினார். திரையின் மூலையில், பறித்த பூசணிகளை வாங்கிக்கொள்கிற கடை ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு எண் மின்னியது. நிபுணரின் குட்டி மனிதன் வாளியோடு அந்தப் பக்கம் இரண்டு அடி நகர்ந்தான்.

"இந்தப் பூசணிய இப்ப விக்காம வெச்சிருந்தா, அடுத்த பருவத்துல..."

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குட்டி மனிதன் வாளியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குத் திரும்பினான்.